ஆபரேஷன் வேணாம்னு முடிவு பண்ணிட்டேன்

திண்டிவனம் டெலிபோன் ஆபீசுக்குக் காலை ஷிப்டு கிளம்பிய தையல்நாயகி, 1986 மே மாதக் காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதினாள். அவள் கணவர் சீனுவாசன் விழுப்புரத்தில் கூட்ஸ் வண்டி கார்டு. அவர் வீட்டுக்கு வரும்போது அவள் இருக்க மாட்டாள்.

“ஏங்க, கத்திரிக்காய்க் கொழம்பு அடுப்புமேல இருக்குது. சூடு பண்ணிக்கினு சாப்புடுங்க. கிருஷ்ணாயில்காரர் வந்தா வாங்கி வைங்க, என்னால குனிஞ்சு தூக்க முடியல.

இடுப்பு வலிக்கு அனந்தபுரம் எண்ணெய் வைத்தியம் நாலு மாசம் பாத்தாச்சு. விழுப்புரம் டாக்டரு ஆபரேஷன் பண்ணிக்கங்கறாரு. பாண்டிச்சேரி டாக்டரு, அவசரமில்ல, மொதல்ல பயிற்சி செஞ்சு பாரும்மாங்கறாரு. ஞாயித்துக்கெழம உங்களக் கேட்டதுக்கு, ‘உன் இடுப்பு, நீயே முடிவு பண்ணு’ன்னு கத்துனீங்க. பண்ணிட்டேன். ஆபரேஷன்னா ஒன்றரை மாசம் படுத்துக் கெடக்கணும், தண்ணி மொண்டு தர ஆளு வேணும். அதனால பயிற்சிதான்.

தையல்நாயகி.”

எழுதி முடித்தும் மனசு ஆறவில்லை. அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்: “கூட யாரு வந்திருக்காங்கன்னு பாண்டிச்சேரி டாக்டரு கேட்டாரு. வூட்டுக்காரர் வெளியில நிக்கிறாருன்னு பொய் சொல்லிட்டேன்.”

சாயங்காலம் திரும்பியபோது வீடு பூட்டியிருந்தது. உள்ளே, தாளின் ஓரத்தில் அவர் எழுதியிருந்தார்: “கிருஷ்ணாயில் வாங்கிட்டேன். கொழம்பு நல்லா இருந்துச்சு. டூட்டிக்குப் போறேன்.”

தாளைத் திருப்பியும் பார்த்தாள். மே மாதத் தேதிகள்தான் இருந்தன.

பாயை விரித்துப் படுத்தாள். காலைப் பிடித்துக்கொள்ள ஆளில்லாததால் பாதங்களைக் கட்டிலுக்கடியில் செருகிக்கொண்டு, பாண்டிச்சேரி டாக்டர் காட்டிய பயிற்சிப்படி மெல்ல எழுந்து உட்கார்ந்தாள்.