அம்மா ஜெசிந்தாவிடம் பேசியது

பிப்ரவரி 11, செவ்வாய்

காலையில் நல்ல பனி. திருக்கோகர்ணத்தில் டவுன் பஸ் ஏறி நின்றபடியே நர்சிங் காலேஜ். வாங்க வேண்டியது: பால், அப்பாவுக்கு டயப்பர், தலைவலி மாத்திரை.

மதியம் ஆராய்ச்சி மீட்டிங். பக்கவாதம் வந்தவர்களை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்த பராமரிப்பு (புரட்டிப் படுக்கவைப்பது, ஊட்டுவது, படுக்கைப் புண் வராமல் காப்பது) உண்மையில் உதவியதா என்று அவர்கள் வாயாலேயே கேட்க வேண்டும். மார்க் போடுகிற கேள்வித்தாள் போதாதாம். வீடு வீடாகப் பேட்டி.

அம்மாவும் இதில் உண்டு. பொன்னமராவதியில் அப்பாவைப் பார்த்துக்கொள்வது அவள்தானே. சொந்த அம்மாவை நான் பேட்டி எடுக்கக் கூடாது. ஜெசிந்தா போகிறாள். ஆவூர்க்காரி. எனக்கு ஜூனியர்.

“நான் பாத்துக்கிறேன்க்கா” என்றாள். எதை?

அம்மா ரெண்டு வார்த்தை பேசினாலே அதிகம். போய் வரட்டும்.

பிப்ரவரி 13, வியாழன்

வெயில் தொடங்கிவிட்டது. குன்றாண்டார்கோவில் பக்கம் ஒரு வீடு. கணவரைப் பார்த்துக்கொள்கிற பெண்.

“நல்லா இருந்துச்சுங்க சிஸ்டர்.”

“எதுங்க நல்லா இருந்துச்சு?”

“எல்லாந்தாங்க.”

அவ்வளவுதான். காபி கொடுத்து அனுப்பிவிட்டார்.

ஜெ. பொன்னமராவதியிலிருந்து சாயங்காலம்தான் திரும்பினாள். மதியச் சாப்பாடும் அங்கேயே. கருவாட்டுக் குழம்பாம். நான் போனால் ரசம்.

“அம்மா என்ன சொன்னாங்க?”

“நல்லாப் பேசுனாங்கக்கா.”

“அதான், என்ன பேசுனாங்க?”

“அதச் சொல்லக் கூடாதுல்லக்கா. நீங்கதான எனக்குச் சொல்லித் தந்தீங்க.”

ஆமாம். நான்தான் சொல்லித் தந்தேன். நாசமாய்ப் போக.

“அழுதாங்களா?”

முகம் கழுவப் போய்விட்டாள். அவள் கண்தான் சிவந்திருந்தது.

அம்மா என் முன்னால் அழுததே இல்லை. அப்பா விழுந்த அன்றுகூட.

பிப்ரவரி 14, வெள்ளி

தலைவலி. மாத்திரை வாங்க மறந்தாச்சு. ஜெ. முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் அவளைச் சுற்றி. “இவகிட்ட மட்டும் எப்படிடீ எல்லாரும் கொட்டுறாங்க?” எனக்கும் அதேதான் கேள்வி. கேட்கவில்லை.

அம்மாவுக்குப் போன்.

“அந்தப் புள்ள நல்ல புள்ளடி. பக்கத்துல ஒக்காந்து கேட்டுச்சு.”

“நானுந்தானம்மா கேக்குறேன்.”

“நீ கேப்ப. நான் வாயத் தொறக்குறதுக்குள்ள, அதுக்கு என்ன செய்யணும்னு சொல்லிருவ.”

நர்ஸ் என்றால் சொல்லத்தானே வேண்டும்? பொருமல் அடங்கவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

பொன்னமராவதி. பஸ்ஸில் ஜன்னல் சீட். அப்பா முதுகில் புண் இல்லை, தோல் சுத்தம். காலுக்கடியில் தலையணை தள்ளி இருந்தது. சொல்ல வந்து விழுங்கினேன்.

அம்மா பின்வாசலில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். பேசவில்லை. ஜெ. மாதிரி.

“என்னடி, ஒடம்புக்கு முடியலையா?”

“இல்லம்மா. சும்மா.”

வெங்காயம் தீர்ந்தது. அம்மா எழுந்திருக்கவில்லை.

“ஒங்கப்பா தண்ணி கேப்பாரு. சில நேரம் காதுல விழாத மாதிரி இருந்துருவேன்டி. நான் காய்ச்சல்ல கெடந்தப்ப இந்த மனுசன் ஒரு வாய் தண்ணி தந்ததில்ல. அது நெனப்புக்கு வந்துரும். அப்பறம் மனசு கேக்காது, எடுத்துட்டு ஓடுவேன்.”

தண்ணீர் குறைந்தால் என்னென்ன ஆகும் என்று அத்தனையும் என் நாக்கு நுனியில். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“அந்தப் புள்ளகிட்டகூட இதச் சொல்லல.”

அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோஷம். வெட்கங்கெட்ட சந்தோஷம். ஜெசிந்தாவுக்குக் கிடைக்காதது, எந்த ஆராய்ச்சியிலும் ஏறாதது, எனக்கே எனக்கு.

உள்ளே அப்பா குழறினார். தண்ணீர்தான். அம்மா கையை ஊன்றி எழப் போனாள்.

“நீ இரும்மா” என்று தண்ணீர் எடுக்க எழுந்தேன்.