நசீமாவின் பெயரில்

ஜூன் 9

காலையிலேயே வெயில். செம்பட்டி பஸ்ஸில் நின்றபடி. ஆஸ்பத்திரிக்கு ஏழு நிமிடம் தாமதம், அதற்கொரு கையெழுத்து.

6ஆம் படுக்கைக்குப் புது ஆள். சித்தையன்கோட்டை. ஐம்பத்தைந்து இருக்கும். சுகர், இடது காலில் புண். என்னோடு டூட்டியில் இருந்த நர்ஸ் நசீமா டிரெஸ்ஸிங் தட்டோடு போனாள். அந்த அம்மா அவளுடைய பெயர் அட்டையைப் படித்தார். காலை இழுத்துக்கொண்டார்.

"இவ கை எம்மேல படக்கூடாது. வேற ஆள வரச்சொல்லுங்க."

கட்டு நான் போட்டேன். ஸ்டோர் ரூமில் நசீமா சிரித்தாள். "எங்க வீட்டுப் பிரியாணிக்கு வாய் வருது, கட்டுப் போடக் கால் வரமாட்டேங்குது பாருடி."

அப்புறம் வெகுநேரம் கை கழுவினாள். எனக்கும் அதே எண்ணம்தான்: மதம். அந்தக் கிழவியை வெறுத்தேன். சுலபமாக இருந்தது.

ஜூன் 10

மேகம். மழை இல்லை.

வரவேற்பறையில் இன்னும் அந்தப் படம். நர்ஸுகளுக்குச் சிறகு வரைந்தது, கொரோனா வருடத்தில் மாட்டியது. அதே வருடம் என்னை அறையைக் காலி செய்யச் சொன்ன வீட்டுக்காரர் இன்று பி.பி. பார்க்க வந்தார். பட்டையை ஒரு சுற்று கூடுதலாக இறுக்கினேன்.

டிரெஸ்ஸிங் நடுவே 6ஆம் படுக்கை, தானாகவே:

"நீ நல்ல புள்ள தாயி. அவ இருக்காளே... கொரோனாவுல எம்புருசன் இங்கதான் கெடந்தாரு. சாயங்காலம் வீடியோவுல கூப்பிட்டு, 'நல்லாத் தூங்குறாரு, எழுப்ப வேணாம்'னு சொன்னா. மூஞ்சி எங்க தெரிஞ்சுது, கண்ணாடியும் துணியுமா? நெஞ்சுல பேரு எழுதியிருந்துச்சு. நசீமா. அந்நேரம் அவரு போயி அரைமணி ஆச்சாம். நான் சோறு தின்னுட்டுப் படுத்தேன் தாயி."

அழுதார். கட்டை முடித்தேன்.

கவச உடையில் எல்லோரும் ஒரே வெள்ளை. அதனால் மார்க்கரில் பெயர். அன்று என் உடை கிழிந்துவிட்டது. நசீமா தனக்கென்று பெயர் எழுதி வைத்திருந்ததை மாட்டிக்கொண்டேன். அவள் அன்று தொற்று வந்து தனிமையில், வீட்டில். பேசியது நான்.

ஜூன் 11

அன்று தூங்குகிறார் என்று சொன்னதற்குக் காரணங்கள்:
1. சாவை டாக்டர்தான் சொல்லவேண்டும். விதி.
2. டாக்டர் வேறொரு நோயாளியின் நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தார்.
3. வீடுகளுக்குக் கூப்பிடும் பட்டியலில் அந்த எண்ணைத் தாண்டிப் போயிருக்கலாம். (இது காரணம் இல்லை.)

மதியம் மேட்ரன் நசீமாவிடம்: "அந்தம்மாவுக்கு ஒன்னப் புடிக்கல. காரணமெல்லாம் கேக்காத. நாளையிலருந்து ஓ.பி.க்குப் போயிரு."

"சரிங்க மேடம்."

நான் பக்கத்தில். பஞ்சு சுருட்டிக்கொண்டு.

சாப்பிடவில்லை. என் மேல் இரக்கம் வரத் தொடங்கியது. அருவருப்பு.

ஜூன் 12

தூறல். நேராக 6ஆம் படுக்கை.

"வீடியோவுல பேசுனது நான்மா. உடை மட்டும்தான் அவளோடது."

என்னையே பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். கத்தினால் தேவலை.

"நான் அழுது சொல்லயில கட்டுப் போட்டுக்கிட்டே கேட்டியேடி." அவ்வளவுதான். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மேட்ரனிடம் சொன்னேன். பிறகு ஓ.பி.க்குப் போனேன். நசீமா சிரிஞ்சில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தாள். நான் சொன்னதையெல்லாம் கேட்டாள், கை நிற்கவில்லை.

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

"முந்தாநாள்."

"நேத்து மேட்ரன் சொல்லயில பக்கத்துலதான நின்ன?"

"ஆமா."

"முஸ்லிமுன்னு ஒதுக்குது, போய்ட்டுப் போகுதுன்னு நெனச்சேன். அது எனக்குப் பழக்கம்டி. இது பழக்கமில்ல."

வழியை விடச் சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள்.