லெட்சுமி ஓட்டும் ஆட்டோவும் நாளைக்குத் திறக்கும் சபையும்

அன்பு மச்சான் சந்திரா,

எங்கே இருந்தாலும் கொஞ்சம் காது கொடு. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. காலையில் நம் சபையைத் திறக்கிறோம். "நம் சபை" என்று எழுதும்போதே நீ சிரிப்பது எனக்குக் கேட்கிறது. "நான் எப்படா ஒங்க சபையில சேந்தேன்?" என்பாய். சேரவில்லைதான். ஆனாலும் உன்னை விட்டுவிட்டு அதை "என் சபை" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதைவிடப் பெரிய செய்தி ஒன்று இருக்கிறது. உன் ஆட்டோவை இப்போது லெட்சுமி ஓட்டுகிறாள். ஆமாம், உன் பெண்டாட்டி லெட்சுமியேதான். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகாத நாட்களில் பசறை டவுனில் உன் கூட்டாளிகளோடு வரிசையில் நிறுத்தி, ஆள் ஏற்றி ஹயர் ஓடுகிறாள். வளைவுகளில் உன்னைவிட நிதானமாக எடுக்கிறாள். கோபித்துக்கொள்ளாதே, ஸ்டாண்டில் எல்லோரும் சொல்வது அதுதான்.

இந்தக் கடிதத்தை நாளைக்கு வாசல் பக்கத்துச் சுவரில் ஒட்டப்போவதாக உன் மகள் தர்ஷினி சொல்லியிருக்கிறாள். வருகிறவர்கள் எல்லோரும் வாசிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

நாம் இரண்டு பேரும் தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரே லயத்தில், ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிறந்தவர்கள். உங்கள் வீட்டில் கற்பூரம் கொளுத்தினால் எங்கள் வீட்டுக் காம்பராவில் மணக்கும். எங்கள் அப்பா விடியற்காலையில் ஜெபம் பண்ணினால் உங்கள் வீட்டில் தூக்கம் கெடும். நான் கொழும்பில் புடவைக் கடை வேலைக்குப் போனேன், பிறகு வேதாகமப் பள்ளிக்குப் போனேன், பதுளை டவுனில் ஒரு சபைக்கு உதவிப் போதகராக வந்தேன். நீ எங்கேயும் போகவில்லை. ஆட்டோ எடுத்தாய், லெட்சுமியைக் கட்டினாய், தோட்டத்தின் மூன்று டிவிசன் சனத்தையும் ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் பரீட்சைக்கும் ஏற்றி இறக்கினாய்.

லயத்துப் பக்கம் ஒரு சபை தொடங்க ஆசையாக இருக்கிறது என்று நான் முதலில் சொன்னது உன்னிடம்தான். பசறையில் பஸ்ஸைவிட்டு இறங்கிய என்னை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தாய்.

"இன்னொரு சபையா? மச்சான், ஞாயித்துக்கெழம எல்லாரும் நல்லாத்தான் பாடுறீங்க. திங்கக்கெழம புள்ளைக்குக் காச்சல்னா சனம் யாருகிட்ட போகும்?"

"ஒன்கிட்டதான்."

"அப்ப நான்தான்டா பாஸ்டர்," என்று சொல்லி ஹாரனை அடித்தாய். முன்னால் போன மாடுகூட விலகியது.

அதற்குப் பிறகு வந்த தையில்தான் அது நடந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு நீ வீட்டுக்கு வந்திருந்தாய். மேல்மலையில் கொழுந்து பறித்த பெண்கள் கத்துகிற சத்தம் கேட்டது. குளவிக் கூடு கலைந்துவிட்டது. கட்டிலில் கிடந்த கம்பளியை இழுத்துக்கொண்டு ஓடினாயாம். லெட்சுமியையும் இன்னும் மூன்று பேரையும் அதற்குள் போட்டு மூடிவிட்டு நீ வெளியே நின்றாய். தோட்டத்து லொறி அன்றைக்கு வேறு வேலையாகப் போயிருந்தது. உன் ஆட்டோ லயத்து வாசலில்தான் நின்றது. சாவியும் உன் சட்டைப் பையில்தான் இருந்தது. அதை ஓட்டத் தெரிந்தவன் அந்த லயத்திலேயே நீ ஒருவன்தான். பசறையிலிருந்து வேறொரு வண்டி ஏறி வருவதற்குள் நீ போய்விட்டாய்.

இதை நான் இவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறேன். இன்றைக்கு எழுத உட்கார்ந்தது அழுவதற்கு இல்லை.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு லெட்சுமி அந்தச் சாவியை என் கையில் கொடுத்தாள். "இத வித்துக் குடுத்துருங்கண்ணே. வாசல்ல நிக்கிறத பாக்க முடியல," என்றாள். வாங்கிக்கொண்டு பதுளைக்குப் போனேன். விற்க எனக்கு மனம் வரவில்லை. அடுத்த கிழமையே திரும்பி வந்து அவள் முன்னால் சாவியை வைத்தேன்.

"இத ஓட்டக் கத்துக்கிறியா?"

"யாரு, நானா?" அவள் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். சாவியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "அன்னைக்கு எனக்கு ஓட்டத் தெரிஞ்சிருந்தா..." என்று தொடங்கி அப்படியே விட்டுவிட்டாள். "எப்ப பழக்குறீங்க?" என்று கேட்டாள்.

விளையாட்டு மைதானத்தில் பழக்கினேன். பின் சீட்டில் தர்ஷினி உட்கார்ந்து, "அம்மா, பிரேக்! அம்மா, பிரேக்!" என்று கத்துவாள். ஒரு நாள் வண்டி நேராக வொலிபோல் கம்பத்தில் போய் நின்றது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். லெட்சுமி இறங்கி, சேலையை உதறி, "கம்பம் நடுவுல நின்னா நான் என்ன செய்யிறது?" என்றாள். பதுளையில் லைசன் கிடைத்த அன்றைக்கு லயம் லயமாக ஹாரன் அடித்துக்கொண்டே வந்தாள் மச்சான். கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ரோட்டுக்கே வந்துவிட்டார்கள்.

அன்றைக்குத்தான் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது, என்ன மாதிரி சபை தொடங்க வேண்டும் என்று. பதுளைச் சபையின் மூத்த போதகரிடம் போய்ச் சொன்னேன்: முதலில் வண்டி, பிறகு அடுப்பு, பிறகுதான் பிரசங்க மேடை. அவர் நெற்றியைத் தடவினார். பிறகு சபையின் பழைய வேனை எனக்குக் கொடுத்தார். பதுளையில் புடவைக் கடை வைத்திருக்கும் முதலாளி ஒருவருக்கு நம் சந்தியில் ஒரு பழைய மாவு ஸ்டோர் பூட்டிக் கிடந்தது. அவர் தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். சபைக்கு என்று சொன்னால் தருவாரோ மாட்டாரோ என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "சனத்துக்குப் பிரயோசனப்படுமா?" என்று ஒரே கேள்வி கேட்டார். சாவியைக் கொடுத்துவிட்டார்.

சிக்கல் வந்தது நம் லயத்திலிருந்துதான். "சாமுவேல் வேன காட்டி மதம் மாத்தப் போறான்" என்று பேச்சுக் கிளம்பியது. கோயில் தலைவரான உன் பெரியப்பா ராமையா கூட்டம் போட்டு என்னைக் கூப்பிட்டார். அம்மன் கோயில் முன்னால் எல்லோரும் உட்கார்ந்திருக்க நான் மட்டும் நின்றேன். அந்தக் கோயில் திருவிழாவில் பொங்கல் தின்று வளர்ந்தவன் நான். அவர்கள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நான் திறந்திருக்க மாட்டேன்.

பெரியப்பா கேட்டார்: "தம்பி, ஒளிக்காம சொல்லு. வண்டியில ஏறுற சனத்த ஜெபம் பண்ணச் சொல்லுவியா?"

"கேட்டா பண்ணுவேன். கேக்காட்டி ஓட்டுவேன்."

"சோறு போட்டுட்டு சபைக்கு வரச் சொல்லுவியா?"

"வந்தா சந்தோசம். வராட்டியும் சோறு உண்டு."

"இப்ப இப்பிடித்தான் சொல்லுவ."

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து லெட்சுமி எழுந்தாள். அந்தக் கூட்டத்தில் பெண் ஒருத்தி எழுந்து பேசி நான் பார்த்ததில்லை. "மாமா, நான் அம்மனத்தான் கும்புடுறேன். நாளைக்கும் அம்மனத்தான் கும்புடுவேன். அந்த வேன் ஓடாத நேரம் ஆட்டோ எடுக்கப் போறது நான். அண்ணன் சொன்ன சொல்லு மாறுனா, வண்டிய நிறுத்திட்டு நானே வந்து ஒங்ககிட்ட சொல்றேன்." உட்கார்ந்துவிட்டாள். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "பாப்போம்" என்றார். அந்த "பாப்போம்" போதும் என்று நான் வீட்டுக்கு வந்தேன்.

அவர் பார்க்க வேண்டிய நாள் சீக்கிரமே வந்தது. யாருக்கு என்று நினைக்கிறாய்? அவருக்கே. கடைவாய்ப் பல்! கன்னம் பலாக்காய் மாதிரி வீங்கி, இரண்டு நாளாகச் சாப்பாடு இல்லை. மழை ஊற்றுகிறது, பஸ் இல்லை. உன் பெரியம்மாதான் போன் பண்ணினார். வேனில் ஏறியதும் பெரியப்பா, யாரும் பார்த்துவிடக் கூடாது என்று துண்டால் தலையை மூடிக்கொண்டார். லயம் முழுக்க வாசலில் நின்று அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

பதுளை பெரியாஸ்பத்திரியில் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே யாரோ "ஐயோ" என்று கத்தினார்கள். பெரியப்பா இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், நம் தோட்டத்து ஆள் யாரும் இல்லை என்று தெரிந்ததும் என் கையைப் பிடித்தார். "தம்பி, ஒன் ஜெபத்த பண்ணு. சத்தம் போடாம பண்ணு." பண்ணினேன். அவர் கண்ணை மூடி முருகனைக் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. பல் நல்லபடியாக வந்துவிட்டது.

மறுநாள் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் அவரைச் சுற்றிக் கூட்டம். என்ன நடந்தது, ஜெபம் பண்ணச் சொன்னானா என்று கேட்டிருக்கிறார்கள். "மதமும் மாத்தல, மண்ணும் மாத்தல. ரோட்டுல குழி வந்தா மட்டும் 'இயேசப்பா'ன்னு கத்துறான். அந்த ரோட்டுக்கு நானும்தான் கத்துனேன்," என்றாராம். அந்த ஒரு பேச்சில் மூன்று டிவிசனும் சிரித்தது. அதற்குப் பிறகு என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இன்றைக்குச் சாயங்காலம் இங்கே நடக்கிற கூத்தை நீ பார்க்க வேண்டும். கோயில் பந்தல் தகரங்கள் நம் வாசலுக்கு வந்துவிட்டன. கோயில் அண்டாக்களும் வந்துவிட்டன. கூடவே பெரியப்பாவின் கட்டளையும் வந்தது: "அண்டாவுல எறச்சி ஏறக் கூடாது." கோழிக்கறிக்குக் கணக்குப் போட்டு வைத்திருந்த என் வீட்டுக்காரி ரூத்துக்கு முகம் கொஞ்சம் வாடியது. அதனால் என்ன, பண்டாரவளைச் சந்தையிலிருந்து கோவாவும் கரட்டும் லீக்ஸுமாகக் காய்கறி மூட்டைகள் வந்து இறங்கியிருக்கின்றன. பந்தலுக்கு அடியில் உட்கார்ந்து காய் நறுக்குகிற பெண்களில் யார் வேதக்காரர், யார் சைவம் என்று பார்த்துப் பிரிக்க என்னால் முடியவில்லை.

போர்டு எழுதியது தர்ஷினி. சபைக்குப் பெயர் "வழித்துணை." பெயர் கொடுத்தது லெட்சுமி. உயிர்த்தெழுந்த இயேசு துக்கத்தில் போன இரண்டு பேரோடு வழி நெடுக நடந்து போன கதையை நான் ஒரு நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். "அப்ப அவரு வழித்துணையா வந்திருக்காரு," என்றாள். அதோடு முடிவாகிவிட்டது. பெயரைச் சின்னதாகவும் போன் நம்பரைப் பெரிதாகவும் தர்ஷினி எழுதியிருக்கிறாள். மூத்த போதகர் வந்து பார்த்து, "பேரவிட நம்பர் பெருசா இருக்கேம்மா?" என்றார். "அவசரத்துல ஓடி வாறவங்க பேர வாசிச்சுக்கிட்டு நிப்பாங்களா பாஸ்டர்?" என்று கேட்டாள். உன் மகள்தான், சந்தேகமே இல்லை. மூத்த போதகர் அந்த நம்பரைத் தன் போனில் குறித்துக்கொண்டார்.

திங்கட்கிழமையிலிருந்து தனியாக இருக்கிற வயதானவர்களுக்கு மத்தியானச் சோறு. சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாட வகுப்பு, தர்ஷினிதான் டீச்சர். அடுத்ததாக ஒவ்வொரு லயத்திலும் ஒருவருக்காவது வண்டி ஓட்டப் பழக்க வேண்டும் என்கிறாள் லெட்சுமி. இப்போதே நான்கு பெண்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மைதானத்துக் கம்பத்தைத்தான் கொஞ்சம் தள்ளி நட வேண்டும்.

ஒன்று மட்டும் உன்னிடம் கேட்க வேண்டும். என்னோடு வேதாகமப் பள்ளியில் படித்த ஒருவர், நான் உன்னைப் பற்றிச் சொன்னபோது, "உங்க சிநேகிதர் இரட்சிக்கப்பட்டவரா?" என்று கேட்டார். அடுத்தவருக்காக உயிரைக் கொடுக்கிற அன்பைப் பற்றி வேதத்தில் வாசிக்கும்போதெல்லாம் எனக்கு வருவது கம்பளிக்கு வெளியே நின்ற உன் முகம்தான். நீ எங்கே இருக்கிறாய் மச்சான்? ஆண்டவருக்குத் தெரியும். உன்னைப் பற்றி அவர் என்னைக் கேட்டால் என்ன சொல்வது என்று மட்டும் எனக்குத் தெரியும்.

சற்று முன்னால் லெட்சுமி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நாளைக்கு ஆராதனை நேரத்தில் போன் வந்தால் என்ன செய்வது என்று பேசினோம். "நீ ஆட்டோவ எடு, நான் பிரசங்கத்த முடிச்சிட்டு வந்துர்றேன்," என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். "இல்லண்ணே. நாளைக்கு நீங்கதான் போகணும். நடுவுல நிறுத்திட்டு எல்லாரும் பாக்க எறங்கிப் போங்க. இது என்ன சபைன்னு அப்பதான் சனத்துக்கு வெளங்கும்."

பிரசங்கத்துக்கு ஒரு மாதமாக எழுதி எழுதி வைத்திருக்கிறேன். அவள் சொன்னதைவிட நல்லதாக அதில் ஒன்றும் இல்லை.

ஆகையால் மச்சான், உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நாளைக்கும் சரி, இனி எந்த ஞாயிறும் சரி, போன் அடித்தால் ஆமென் சொல்லும்வரை காத்திருக்க மாட்டேன். பாதிப் பாட்டில் இருந்தாலும் வண்டியை எடுப்பேன். மிச்சத்தைச் சனம் பாடி முடிக்கட்டும்.

இப்படிக்கு,
லெட்சுமிக்கு அண்ணனும் தர்ஷினிக்கு மாமாவும்
என்றைக்கும் உனக்கு மச்சானுமான
சாமுவேல்