அறை வாசலில் அப்பா செருப்பு

மே 12, திங்கள்

சென்னை. விடிகாலையில் பஸ் இறங்கும்போதே வேர்வை. நம்ம ஊர் வெயில் காயவைக்கும். இது ஊறவைக்கிறது. துப்பட்டாவைப் பிழியலாம்.

நாளை அம்மாவுக்கு ஆபரேஷன். வலது கண். அந்த ஒரு கண்தான் இருக்கிறது. இடது கண் அம்மா சின்னப் பிள்ளையாக விறகு வெட்டப் போனபோது சீமைக்கருவேல முள் குத்திப் போய்விட்டது. மதுரையில் பார்த்துவிட்டு இங்கே எழுதிக் கொடுத்தார்கள். ஆபரேஷன் காப்பீட்டு அட்டையில் முடிந்துவிடும். தங்குவது நம் பாடு. அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார்களாம். ஆனால் அடுத்த திங்கள் வரை தினமும் போய்க் கட்டு மாற்றணும். எங்க ஊர் பரளச்சியிலிருந்தா வந்து போக முடியும்?

ரூம் தேடியது:

ஆஸ்பத்திரிக்கு எதிரே, கண்ணாடிக் கதவு. வாடகை சொன்னதும் அம்மா, "மாசத்துக்காய்யா?" என்றாள். உள்ளே இருந்தவன் சிரித்துவிட்டான்.

சத்திரம். மாசக் கடைசி வரை நிறைந்துவிட்டது.

போனில் மலிவாகக் காட்டிய இடம். "அந்த ரேட்டு போன்ல தான்மா."

மாடிப்படிக்கு அடியில் ஒரு ரூம். காட்டிய ஆள் ரூமைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். அம்மா என் கையைப் பிடித்துத் திரும்பிவிட்டாள். அந்தக் கண்ணுக்கு எப்படித் தெரிந்ததோ.

மற்ற எல்லா இடத்திலும் ஒரே கேள்வி. "ஜென்ட்ஸ் யாரும் இல்லையா? லேடீஸ் தனியான்னா குடுக்க மாட்டோம்மா. நாளைக்கு ஒண்ணுன்னா நாங்கதான் பதில் சொல்லணும்."

கடைசியாக மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. இரண்டாவது மாடி, கடைசி ரூம். மேனேஜர் அதே கேள்வி கேட்டார். அம்மா யோசிக்கவே இல்லை.

"எங்க வீட்டுக்காரரு ராத்திரி வாரேன்னிருக்காக. லோடு எறக்கிட்டு."

அப்பா செத்து இரண்டு வருஷம். தூத்துக்குடி ரோட்டில், உப்பு லாரி ஓட்டிப் போனபோது.

"வந்ததும் அவரு ஆதார் காப்பி குடுக்கணும்."

"தருவாக."

ரூமுக்குள் வந்ததும் அம்மா பையின் அடியிலிருந்து அப்பா செருப்பை எடுத்தாள். பேப்பரில் சுற்றி எடுத்துவந்திருக்கிறாள். டயர் அடி. இடது வார் அறுந்து கறுப்பு நூலால் தைத்தது. ஊரில் எங்கள் வீடு ரோட்டோரம், கடைசி வீடு. தினமும் இருட்டியதும் வாசலில் அதை வைப்பாள். ஊர்க்காரர்களுக்குத் தெரியும், ரோட்டில் போகிறவனுக்குத் தெரியாதே. ஆம்பளைச் செருப்பு கிடந்தால் ஆம்பளை இருக்கிற வீடு.

இங்கேயும் வெளியே வைத்தாள். நுனி சுவரைப் பார்த்து.

பாத்ரூமில் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து எழுதுகிறேன். போன் வெளிச்சம். அம்மா தூங்கிவிட்டாள்.

மே 13, செவ்வாய்

ஆபரேஷன் முடிந்தது. நல்லபடியாக என்றார்கள். கட்டைப் பிரித்து, கண்ணுக்குள் வைத்த காற்றுக் குமிழ் கரைந்த பிறகுதான் பார்வை தெரியுமாம். அதுவரை அம்மாவுக்கு ஒன்றுமே தெரியாது.

டாக்டரம்மா என்னிடம் தனியாகச் சொன்னது:

குப்புறத்தான் படுக்கணும். சாப்பிட, பாத்ரூம் போகத் தவிர.
இருமக் கூடாது, தும்மக் கூடாது.
எதையும் தூக்கக் கூடாது.
அழக் கூடாது. "அம்மாவப் பதட்டப்படுத்தாம பாத்துக்க. நீதான் பெரிய மனுஷி."

ஆட்டோவில் வரும்போது குலுக்கலுக்கு நான் அம்மா தலையைப் பிடித்துக்கொண்டேன். கோழிக்குஞ்சு மாதிரி சூடாக இருந்தது.

எதிர் ரூமில் ஒரு ஆள். பனியன், கழுத்தில் துண்டு. கதவைத் திறந்து போட்டுக்கொண்டு போன் பேசுகிறார். நான் டீ வாங்கி வரும்போது, "அப்பா இன்னும் வரலியா பாப்பா?" என்றார். நான் யாரிடமும் அப்பா வருவார் என்று சொல்லவில்லை. இனி இவரை எ.ரூ. என்று எழுதுகிறேன். முழுசாக எழுதப் பிடிக்கவில்லை.

ராத்திரி. தாழ்ப்பாள் போட்டுவிட்டேன். கதவுக் கைப்பிடி கீழே இறங்கியது. மெதுவாக. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு மேலே போனது.

"யாருத்தா?" அம்மா தலையணைக்குள்ளிருந்து.

"காத்தும்மா."

காற்று எங்கே அடிக்கிறது இந்த ஊரில்.

மே 14, புதன்

கட்டு மாற்றினார்கள். இட்லி. அம்மாவுக்கு முதுகு வலி, நெஞ்சுக்குத் தலையணை வைத்துத் தேய்த்துவிட்டேன்.

காலையில் கதவைத் திறந்தால் செருப்பு திரும்பியிருந்தது. சுவரைப் பார்த்து வைத்தது கதவைப் பார்த்துக் கிடக்கிறது. உள்ளே வரப்போகிற மாதிரி. தொட்டுப் பார்த்தேன். ஈரம்.

யாராவது காலால் தள்ளியிருப்பார்கள். அப்படித்தான் இருக்கும்.

மேனேஜர்: "அப்பா வந்தாரா?" நான்: "இன்னிக்கு வாராக." பொய் சொல்ல இவ்வளவு சுலபமாக வருகிறது எனக்கு.

இப்போது ராத்திரி. எழுத்து கோணல்.

கொஞ்சம் முன்னால் வராந்தாவில் நடக்கிற சத்தம். டப்... சர்ர். டப்... சர்ர். அப்பா இடது காலை இழுத்துத்தான் நடப்பார். கிளட்சு மிதித்து மிதித்து முட்டி போய்விட்டது அவருக்கு. அந்தச் சத்தம் கேட்டால் நான் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு படிக்கிற மாதிரி உட்காருவேன். அதே சத்தம். படி வரை போனது, திரும்பி வந்தது. எங்கள் கதவுக்கு வெளியே நின்றது. ஒரு இருமல்.

அம்மா அசையவில்லை. குப்புறப் படுத்தபடியே, பதறாமல் கேட்டாள்.

"முத்து, ஒங்கப்பா வந்துட்டாகளா?"

தூக்கத்தில் பேசியிருப்பாள். தூக்கத்தில்தான்.

கைப்பிடி மட்டும் இன்று இறங்கவில்லை.

மே 15, வியாழன்

மேனேஜர் கீழே கூப்பிட்டார். "நேத்து ராத்திரி அப்பா வந்துட்டாரு போல? நான் மொத மாடில படுத்திருந்தேன், தலைக்கு மேல நடக்குற சத்தம் கேட்டுச்சே. விடியறதுக்குள்ள கெளம்பிட்டாரா? அடுத்த தடவ வந்தா ஆதார் குடுத்துட்டுப் போகச் சொல்லு."

அவருக்கும் கேட்டிருக்கிறது.

அம்மா இன்று நன்றாகச் சாப்பிட்டாள். "ராத்திரி நல்ல ஒறக்கம்டி" என்றாள். ஊரில் மாமாவுக்குப் போன் போட்டேன், அம்மாவின் தம்பி, அருப்புக்கோட்டையில் தறி ஓட்டுகிறார். "என்ன பிள்ள, அக்காவுக்குக் கண்ணு தெரியுதா?" என்றார். தெரியும் மாமா, நல்லா இருக்கோம் என்று வைத்துவிட்டேன். என்ன சொல்வது? அப்பா வாராக என்றா?

சாயங்காலம் முடிவு செய்தேன். செருப்பை வெளியே வைக்கக் கூடாது. இருட்டுகிறதற்கு முன்னால் உள்ளே எடுத்து, பேப்பரில் சுற்றி, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். மனசுக்குள் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். வராதீக அப்பா, எனக்குப் பயமா இருக்கு.

ராத்திரி சத்தம் இல்லை. நிம்மதி.

பிறகு கைப்பிடி. இறங்கியது. ஏறியது. இறங்கியது. கதவைத் தோளால் தள்ளுகிற மாதிரி, தாழ்ப்பாள் கிர்ரென்றது. விரலால் மூன்று தட்டு. மெதுவாக, சிநேகமாக. "பாப்பா."

எ.ரூ. குரல்.

நான் கதவில் முதுகை வைத்து உட்கார்ந்துவிட்டேன். வாயில் துப்பட்டா. கத்தினால் அம்மா எழுந்திருப்பாள், எழுந்தால் கண்.

அப்போது படிப்பக்கம் ஒரு பொம்பளைக் குரல், வராந்தா முழுக்க. "யார்ரா அது? இன்னா அங்க வேலை?" லைட் போடுகிற சத்தம். எதிர் ரூம் கதவு சாத்துகிற சத்தம்.

"என்னத்தா சண்டை?"

"கீழ தெருவுலம்மா."

மே 16, வெள்ளி

அந்தக் குரல் மேரி அக்கா. இந்த மாடியைக் கூட்டித் துடைக்கிறவர். ராத்திரி படி முடிகிற இடத்தில் பாய் போட்டுப் படுப்பாராம். காலையில் மாப்போடு வந்து கதவுக்கு வெளியே நின்றுகொண்டு மெதுவாகத் திட்டினார்.

"செருப்ப ஏன்மா உள்ள எடுத்த?"

நான் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தேன்.

"நீங்க வந்த அன்னிக்கே பாத்தேன். ஒங்கம்மா வச்ச மாதிரியே காலைல இருக்கு, சாயங்காலமும் இருக்கு. எதிர் ரூம்காரன் குனிஞ்சு அதும்மேல வெரலால கோடு போட்டுப் பாக்குறான். தூசி. வெரல வேட்டில தொடச்சிக்கினு சிரிக்கிறான். நடக்காத செருப்ப எவன்மா நம்புவான்?"

அதனால் அவரே போட்டுக்கொண்டு நடந்திருக்கிறார். துடைத்த ஈரத்தில் முதல் நாள், வராந்தா முழுக்க அடுத்த நாள். "என் காலுக்குப் பெருசு. இழுத்துக்கினு போச்சு."

அப்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. சிரிப்பும். "அது செத்தவுக செருப்புக்கா. உங்களுக்குப் பயமா இல்லையா?"

மேரி அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு, "என் வூட்டுக்காரன் உசுரோட இருக்கான். அவன் செருப்பத் தான் எனக்குப் பயம். இது தேவல."

மேனேஜரிடம் அவர் எ.ரூ. பற்றி முன்பே சொல்லியிருக்கிறாராம். "மாசக் கஸ்டமர், கண்டுக்காத" என்றாராம். நாங்கள் சொன்னால்? அப்பா எங்கே என்பார். அப்பா இல்லை என்றால் ரூம் இல்லை. அம்மாவைக் குப்புறப் படுக்கவைக்க ரோட்டிலா இடம் இருக்கிறது.

"அக்கா, புதன்கிழமை எங்க கதவுகிட்ட நின்னு இருமுனீங்களா?"

"நா எங்க இருமினேன்? பக்கத்து ரூம்ல யாராச்சும் இருக்கும்."

பக்கத்து ரூம் நாங்கள் வந்ததிலிருந்து பூட்டிக் கிடக்கிறது. அதை அக்காவிடம் சொல்லவில்லை.

இன்று செருப்பை வெளியே வைத்தேன். டப், சர்ர். தூங்கப் போகிறேன்.

மே 17, சனி

கட்டு மாற்றும்போது டாக்டரம்மா விரலை ஆட்டினார். அம்மா, "நெழல் மாதிரி ஏதோ அசையுது" என்றாள். டாக்டரம்மா என் தோளைத் தட்டினார். இதை இரண்டு முறை எழுதணும் போல இருக்கிறது. நிழல் அசைகிறது. நிழல் அசைகிறது.

மேரி அக்கா நாளை இல்லை. மகள் வீட்டுக்குப் போய், கோயிலுக்குப் போய், திங்கள் காலைதான் வருவார். ஒரே ஒரு ராத்திரி. திங்கள் டாக்டர் பார்த்துவிட்டால் நாங்களும் ஊருக்கு.

இட்லி வாங்குகிற சாக்கில் வேறு ரூம் தேடினேன். மூன்று இடம். "சின்னப் பொண்ணு தனியா வந்து கேக்குற, அப்பாவ வரச் சொல்லு." இந்த ஊர் முழுக்க அப்பாவைக் கேட்கிறது.

மாமாவுக்கு மறுபடி போன். இந்த முறை பாதி சொன்னேன். "ஏலே, முன்னாடியே சொல்ல மாட்டியா! இன்னிக்கு பஸ்ஸு எல்லாம் ஃபுல்லு, நாளைக்கு ராத்திரி வண்டில ஏறி திங்கக்கெழம விடிய வந்துர்றேன். கதவத் தொறக்காதீக" என்றார்.

மேரி அக்கா போகும்போது என் காதில்: "நாளைக்கு நீ போட்டுக்கினு உள்ளயே நட. ஆம்பள உள்ள இருந்தா சத்தமும் உள்ளயிருந்து தான் வரும். கதவ மட்டும் தொறக்காத, கண்ணு."

மே 18, ஞாயிறு

பகலெல்லாம் மழை வருகிற மாதிரி இருட்டி, வரவில்லை. ஊரிலும் இப்படித்தான் ஏமாற்றும்.

எ.ரூ. சாயங்காலம் வராந்தாவில் நின்று, "வேலைக்காரி லீவா இன்னிக்கு?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டார். அவருக்கு எல்லாம் தெரிகிறது.

ராத்திரி வராந்தா லைட்டை யாரோ அணைத்துவிட்டார்கள். கைப்பிடி இறங்கியது.

செருப்பில் காலை நுழைத்தேன். முதல் முறை. வீட்டில் அம்மா தொடவிட மாட்டாள். குளிர்ச்சியாக இருந்தது, உள்ளே அப்பாவின் விரல் பள்ளங்கள், ஐந்தும். என் விரல் எதிலும் பொருந்தவில்லை. நடந்தேன். கதவிலிருந்து ஜன்னல், ஜன்னலிலிருந்து கதவு. டப்... சர்ர். நான் இழுக்கவில்லை, அதுவே இழுக்கிறது. கதவருகில் நின்று, அப்பா இருமுகிற மாதிரி, அடிவயிற்றிலிருந்து ஒரு இருமல் இருமினேன்.

கைப்பிடி பாதியில் நின்றது. மேலே போனது.

"வந்துட்டீகளா?" அம்மா.

பேசினால் முத்து என்று தெரிந்துவிடும்.

"ம்" என்றேன், தொண்டையைத் தாழ்த்தி.

"இங்கனயே இருங்க. புள்ள அஞ்சாறு நாளா ஒறங்காம பயந்துக்கிட்டுக் கெடக்கா."

குரலில் அழுகை இல்லை. காது கொடுத்துக் கேட்டேன், இல்லை. அம்மா கையை மட்டும் கட்டிலுக்கு வெளியே நீட்டினாள். கிட்டப் போய் நின்றேன். என் காலைத் தடவி, செருப்பின் இடது வாரில் அந்தக் கறுப்பு நூல் தையலைத் தேடிப் பிடித்து, இரண்டு தட்டுத் தட்டினாள்.

"நடங்க" என்றாள்.

நடக்கிறேன். சுற்றுக்கு ஒரு முறை வாளியில் உட்கார்ந்து ஒரு வரி எழுதுகிறேன். மாமாவின் பஸ் இந்நேரம் திருச்சி தாண்டியிருக்கும்.