வாலில் வெட்டு வைத்த மடவை

மார்செய்,
2 மே 1997

என் அன்பு அக்கா ஸல்ஹாவுக்கு,

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் எழுதுகிறேன். உங்களுக்கும் தைய்யிப் மச்சானுக்கும் அல்லாஹ் குறைவில்லாத உடல்நலம் தரட்டும். பெருநாளைக்கு நீங்கள் அனுப்பிய காய்ந்த மிளகாய் வந்தது. பிரித்ததும் அறை முழுக்க நம் ஊர் நெடி.

ஒரு செய்தி. நம் துறைமுகத்தில் ஹாஜி ஷாத்லியின் படகு எஞ்சின் பட்டறை இருக்கிறதல்லவா, அதைக் காலி செய்கிறாராம். செப்டம்பர் கடைசி வரை எனக்காக வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். பதினெட்டு வருஷம் அடுத்தவர் அடுப்பில் சமைத்துவிட்டேன். என் வீட்டுக்காரர் ரிதா மவுத்தாகி நாலு வருஷம் ஆகிறது. இனி எனக்கென்று ஒரு சாப்பாட்டுக் கடை, நம் ஊரில், கடலைப் பார்த்து. பீர் விற்க மாட்டேன். இங்கே எல்லாரும் சிரிக்கிறார்கள். பீர் இல்லாத கடை கோடைக்காரர்கள் போனதும் மூடிவிடும், உள்ளூர்க் குடும்பங்கள் வெளியே சாப்பிடுவதே இல்லை என்கிறார்கள். மூடினால் எனக்கு இன்னொரு தடவை தொடங்க வயசும் இல்லை, கையிலும் ஒன்றும் இருக்காது.

அதனால் ஒரு உதவி. எனக்காக ஊரில் உள்ள எல்லாக் கடையிலும் ஒரு வேளை சாப்பிட்டுப் பாருங்கள். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். கணக்கு விஷயத்தில் உங்களைப்போல யாரையும் நான் நம்ப மாட்டேன்.

காசுக்காக அந்நியனுக்குச் சோறு ஆக்குகிறவளுக்கு என் வீட்டில் இடமில்லை என்று நான் புறப்பட்ட அன்று சொன்னீர்கள். அதைப்பற்றி இப்போது நான் கேட்கவில்லை.

உங்கள் தங்கை,
வசீலா


மர்ஸா ஸகீரா,
24 மே 1997

அருமைத் தங்கைக்கு ஸலாம்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கடைசி வரிக்கு இப்போது பதில் எழுதவில்லை.

வீட்டில் அடுப்பு எரியும்போது வெளியே போய்ச் சாப்பிடுவது எனக்குப் புரியாத காரியம். ஆனாலும் நீ கேட்டுவிட்டாய். உன் மச்சானிடம் சொன்னேன். பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, "என் சம்சாரத்துக்குக் காய்ச்சலா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

முதலில் முனையில் இருக்கும் ஓட்டல். வெள்ளைத் துணி விரித்த மேசை. பரிமாறுகிறவன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "சார், அம்மாவுக்கு என்ன கொண்டாரட்டும்?" என்று உன் மச்சானிடமே கேட்டான். "அம்மாவுக்கு வாய் இருக்குப்பா, அவகிட்டயே கேளு" என்றார் இவர். முட்டை வைத்து மாவில் மடித்துப் பொரித்த பிரிக் கேட்டேன். எண்ணெய் குடித்து, கையில் எடுத்ததும் மடங்கிப் படுத்துக்கொண்டது. மீன் நேற்றையது. கண்ணைப் பார்த்தேன்.

அடுத்த வாரம் கடற்கரைச் சாலையில் இருப்பது. பக்கத்து மேசைக்குப் பீர் வந்தது. நான் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டேன். அரை மணி நேரம் கழித்து உன் மச்சான் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். "உன் பங்கையும் சாப்பிட்டுட்டேன். வீணாக்குனா பாவம்ல" என்றார்.

நான் ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். ஒவ்வொரு கடையிலும் எத்தனை மேசை, அதில் நம் ஊர்ப் பெண்கள் எத்தனை பேர் என்று. ஓட்டலில் ஒரு ஜெர்மன்காரி மட்டும்தான். கடற்கரைச் சாலையில் ஒருத்தியும் இல்லை. உன்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் சொன்னது சரி என்றுதான் இன்றைக்குத் தோன்றுகிறது. பொய் எழுத எனக்கு வராது.

துஆவுடன்,
ஸல்ஹா


மர்ஸா ஸகீரா,
28 ஜூன் 1997

அன்பு வசீலா,

போன கடிதத்தைக் கிழித்துப் போடு. நான் எண்ணியது தப்பு.

துறைமுகத்து மீன் சந்தைக்கு ஒட்டினாற்போல மோன்ஜியின் சுடுகடை இருக்கிறது. நீ போன பிறகு வந்தவன். அவன் மீன் விற்பதில்லை. நாம் சந்தையில் வாங்கிக் கொடுத்தால் உப்பும் சீரகமும் தடவிச் சுட்டு, ரொட்டியும் சுட்ட மிளகாய் சாலடும் வைத்துத் தருவான். செவுளைத் தூக்கிப் பார்த்து நானே மூன்று மடவை மீன் வாங்கினேன். மீன் வயிறு கல் மாதிரி இறுகி, அன்று பிடித்ததாக இருந்தது. ஊர் மீனெல்லாம் ஒரே கம்பியில் போய்விடுமே, நம்முடையது நமக்கே வர வேண்டுமே என்று, தெரு அடுப்புக்கு ரொட்டி அனுப்பும்போது மாவில் போடுகிற நம் வீட்டு அடையாளத்தை, அந்த மூன்று சாய்ந்த கீறலை, மீன் வயிற்றிலும் போட்டுக் கொடுத்தேன்.

திரும்பி வந்தது என் மீன் இல்லை. தொட்டால் உதிர்கிற ஏதோ ஒன்று. மோன்ஜியிடம் போனேன்.

"மூணு கீறல் போட்டிருந்தேனே, எங்க என் மீனு?"

"மதனி, உப்பு இறங்கணும்னு எல்லா மீனுக்கும் நான்தான் மூணு கீறல் போடுறேன். இந்தாங்க, எல்லாம் உங்க மீனுதான், எடுத்துக்கங்க."

உட்கார்ந்திருந்த ஆண்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு ஆத்திரம். ஒவ்வொரு தட்டாகப் பார்த்துக்கொண்டு போனேன். உள்ளே இல்லை. மருந்துக்கடைக்காரர் இரண்டு தட்டோடு வெளியே போவதைப் பார்த்துப் பின்னாலேயே போனேன். போனால், வசீலா, சுவரோரம் வரிசையாகக் கார்கள். கண்ணாடி ஏற்றிவிட்ட ஒவ்வொரு காருக்குள்ளும் பெண்கள். மடியில் தட்டு, முழங்காலில் பிள்ளை, கையில் மீன் முள். மருந்துக்கடைக்காரர் பெண்சாதி ஃபௌசியா என் மடவையில் பாதியை முடித்திருந்தாள்.

நான் கண்ணாடியைத் தட்டினேன். இறக்கினாள்.

"அது என் மீனு."

"அப்படியா அக்கா? அதான் இன்னைக்கு ருசியா இருக்கேன்னு பார்த்தேன். ஏறி உக்காருங்க, மிச்சத்தைச் சாப்பிடலாம்."

ஏறி உட்கார்ந்தேன். வேறென்ன செய்வது? எத்தனை வருஷமாகக் காரில் சாப்பிடுகிறாய் என்று கேட்டேன். கல்யாணமான நாளிலிருந்து என்றாள். உள்ளே ஏன் போவதில்லை? "உள்ள போகணும்னா எதுத்தாப்புல காப்பிக் கடையில உக்காந்திருக்கிற ஆம்பளைங்க நாப்பது பேரு முன்னால நடந்து போகணும். நீங்க போனீங்களே, அவங்க பார்த்தத கவனிச்சீங்களா?" நான் மீனைத்தான் கவனித்தேன்.

நோட்டை எடுத்து எண்ணினேன். உள்ளே நான் ஒருத்தி. கார்களில் பதினொரு பேர். நம் ஊர்ப் பெண்கள் வெளியே சாப்பிடாமல் இல்லை. உட்காரத்தான் இடம் இல்லை.

ஸல்ஹா


மார்செய்,
13 ஜூலை 1997

அன்பு அக்கா,

உங்கள் கடிதத்தைச் சமையலறையில் நின்றே படித்தேன், வெங்காயம் கருகிவிட்டது. பட்டறைக்குப் பின்பக்கச் சந்தில் ஒரு கதவு உண்டு, நினைவிருக்கிறதா? அது காப்பிக் கடையைப் பார்க்காது.

ஆனால் பயமாக இருக்கிறது. பட்டறையை ஐஸ் கிடங்குக்குக் கேட்டு வேறொருவர் வந்திருக்கிறாராம். முந்திக்கொள்ளச் சொல்லி ஹாஜி ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறார். காரில் பழகியவர்கள் காரை விட்டு இறங்குவார்களா? நம்பி வந்து நின்று, ஒருவரும் இறங்காவிட்டால்? இரண்டு தடவை பயணச்சீட்டு வாங்கும் வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

வசீலா


மர்ஸா ஸகீரா,
14 செப்டம்பர் 1997

அன்புத் தங்கைக்கு,

இரண்டு மாதம் எழுதாமல் இருந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. சும்மா இருக்கவில்லை.

கீறல் வேலைக்கு ஆகாது என்று தெரிந்ததும் கத்தரிக்கோலால் வாலில் வெட்டத் தொடங்கினேன். நம் வீட்டுக்கு வாலின் நடுவில் ஒரு முக்கோணம். சுட்டாலும் அது அழியாது. ஃபௌசியா மேல் முனையை நறுக்கினாள். கார் வரிசையில் சாப்பிடுகிற டீச்சரம்மா இரண்டு பல் வைத்தாள். ஆகஸ்டு முடிவதற்குள் ஒன்பது வீட்டு வால் ஒன்பது விதம். மோன்ஜி தலையில் கை வைத்துக்கொண்டான். "நான் மீன் சுடுறவனா, தையல்காரனா?" என்றான். ஆனால் அதற்குப் பிறகு ஒரு மீனும் மாறவில்லை.

நேற்று ஹாஜி ஷாத்லியிடம் போனேன். எஞ்சின்களை எல்லாம் எடுத்துவிட்டார். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு இடத்தைக் கொடுங்கள் என்றேன். "எண்ணெய்க் கறை இருக்கும்மா" என்றார். "நாங்க துடைச்சுக்கறோம்" என்றேன். நானும் ஃபௌசியாவும் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்தோம். உன் மச்சான் பள்ளிக்கூடத்திலிருந்து பெஞ்சு வாங்கி வந்தார். எங்களைக் கேலி செய்துகொண்டே சுமந்தார், ஆனால் சுமந்தார்.

இன்று மதியம் லுஹர் தொழுதுவிட்டுக் கார் வரிசைக்குப் போனேன். ஒவ்வொரு கண்ணாடியாகத் தட்டினேன். "இறங்குங்கம்மா, பட்டறையில உக்காந்து சாப்பிடலாம். பின்சந்து வழியா வாங்க, ஒருத்தனும் பார்க்க மாட்டான்." முதல் மூன்று காரில் ஒருத்தியும் அசையவில்லை. விடாமல் அடுத்ததையும் தட்டினேன். நாலாவது காரில் டீச்சரம்மா கதவைத் திறந்து, பிள்ளையை என்னிடம் நீட்டி, "பிடிங்க அக்கா, கால் மரத்துப் போச்சு" என்றாள். அவ்வளவுதான். பிறகு கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. இருபத்தாறு பெண்கள், பிள்ளைகள் தனி. கணவன்மார் கையில் தட்டோடு வந்து, காலியான கார்களைப் பார்த்துத் திகைத்து, பிறகு பின்சந்துக் கதவில் வந்து தட்டை நீட்டியதை நீ பார்த்திருக்க வேண்டும்.

நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள், வசீலா. சத்தமாகப் பேசினார்கள். வாலைத் தூக்கிக் காட்டி, "இது யாரு வீட்டுது?" என்று கேட்டுக் கேட்டு மாற்றிக்கொண்டார்கள். சாயங்காலம் அஸருக்குப் பாங்கு சொன்ன பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் பின்னறையில் பாயை விரித்து அங்கேயே தொழுதோம்.

ஹாஜி ஷாத்லி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஐஸ்காரன் நாளைக்குக் காலையில வர்றான். உன் தங்கச்சி என்ன சொல்றா?" என்று கேட்டார்.

உன்னைக் கேட்க நேரமில்லை. கையை நீட்டினேன். சாவி என் இடுப்பில் இருக்கிறது. மூன்றாவது தடவை வரிசையில் நில்.

ஸல்ஹா


மர்ஸா ஸகீரா,
15 நவம்பர் 1997

அன்பு வசீலா,

மூன்று தெரு தள்ளி இருப்பவளுக்குக் கடிதமா என்று நினைப்பாய். நேரில் பேசினால் வாய் வேறு எதையாவது சொல்லிவிடும். இதை ஃபௌசியா கொண்டுவந்து தருவாள்.

நேற்று உன் கடை திறந்தபோது மழை. கோடைக்காரர் ஒருவரும் ஊரில் இல்லை. முனை ஓட்டலில் விளக்கே எரியவில்லை. உன் கடையில் ஈரக் குடைகளை வைக்க இடமில்லை. நீ எனக்கென்று கடலைப் பார்த்த மேசையைத் துணி விரித்து வைத்திருந்தாய். நான் வந்து உட்கார்ந்தேன். அடுப்பருகிலிருந்து நீ என்னைப் பார்த்தாய், நான் தட்டைப் பார்த்தேன். கோதுமை ரவையில் நீ ஆக்கிய மீன் குஸ்குஸைச் சாப்பிட்டேன். இப்படி நான் ஆக்கியதில்லை. பதினெட்டு வருஷமாக இதை அந்நியர்கள் சாப்பிட்டார்கள், நான் சாப்பிடவில்லை. அது என் வாயால் வந்த நஷ்டம். அன்று நான் சொன்னது தப்பு. அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். உன்னிடமும் கேட்கிறேன்.

இன்னொன்று. நேற்று உன் அடுப்பில் சுட்டுத் தரச் சொல்லி முப்பத்தொரு வீட்டு மீன் வந்தது. நீ வைத்த ஆள் இரண்டு வாலை மாற்றிவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது, எது எந்த வீட்டு வால் என்பது என் நோட்டில்தான் இருக்கிறது. அதனால் நாளையிலிருந்து மீன் வாங்கிக்கொள்ளும் மேசையில் நான்தான் நிற்பேன். வேண்டாம் என்று சொல்ல வராதே.

உன் மச்சானிடம் சொல்லிவிட்டேன். "அப்ப என் சாப்பாடு?" என்றார்.

"சந்தைக்குப் போயி மீன் வாங்கிட்டு வாங்க. பின்சந்து வழியா வந்து வரிசையில நில்லுங்க" என்றேன்.

உன் அக்கா,
ஸல்ஹா