நலிந்த சத்தம்

பேராதனை
14.9.1964

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். இங்கே விடாத மழை. விடுதி அறையில் துணி காயவில்லை.

தம்பி பெனடிக்கின் கண்கட்டு அவிழ்த்தாயிற்றா? விரல்களைப் பற்றிக் கேட்கவில்லை. இல்லாததை என்னவென்று கேட்பது.

ஒன்று மட்டும். துவக்குக் குழலுக்குள் மண் போனதைத் தான் கவனிக்கவில்லை என்று பெனடிக் விசாரணையில் சொல்லியிருக்கிறான். அன்று சூட்டுப் பயிற்சிச் சங்கத்தில் அவனோடு சுட நின்ற ஜவாஹிரை பஸ் நிலையத்தில் கண்டேன். அவன் சொன்னது வேறு. முதல் தோட்டா சரியாக வெடிக்கவில்லையாம். "புஸ்" என்றதாம். பெடியள் சிரித்தார்களாம். "டேய் பெனடிக், உன்ர துவக்குக்குத் தடிமன் பிடிச்சிட்டுதடா, தும்முது!" தம்பி வெட்கத்தில் அவசரமாக அடுத்ததைப் போட்டிருக்கிறான். முதல் தோட்டாவின் அடைப்பு குழலில் இறுகியிருந்தது. குழல் அவன் கையிலேயே வெடித்தது.

சத்தம் நலிந்தால் பொறுப்பாக நிற்பவர் "நில்" என்று கத்த வேண்டும். துவக்கைத் திறந்து குழலின் மறுபக்கம் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். நீங்கள் சொல்லித் தந்தது. பொறுப்பாக நின்றவரும் நீங்கள்.

ஏன் கத்தவில்லை?

உங்கள் மகள்
பிலோமினா

---

திருகோணமலை
20.9.1964

அன்பு மகளுக்கு,

கட்டு அவிழ்த்தாயிற்று. வெளிச்சம் தெரிகிறதாம், உருவம் தெரியவில்லையாம். மற்றக் கண் நல்லது. கர்த்தருக்குத் தோத்திரம். மூதூர்த் தயிர் வாங்கிய நாளெல்லாம் அம்மா உன் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறா.

கடதாசித் தோட்டா உப்புக்காற்றில் ஊறும் என்று அலுமாரியில் வைத்துப் பூட்டியவன் நான். கவனமில்லாதவன் என்று நினையாதே. நலிந்த சத்தம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை. சத்தியம். ஜவாஹிர் நல்ல பெடியன், ஆனால் பயந்தவன். தம்பியே தன் பிழை என்று சொல்லிவிட்டான். இதை விட்டுவிட்டுப் படி.

அப்பா
யேசுரட்ணம்

---

பேராதனை
29.9.1964

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயம்.

விடுமுறைக்கு வந்த அன்று நீங்கள் கிணற்றடியில் நின்றீர்கள். பின்னால் நின்று கூப்பிட்டேன். திரும்பவும் கூப்பிட்டேன். முன்னால் வந்த பிறகுதான், "எப்ப பிள்ளை வந்தனீ?" என்று சிரித்தீர்கள். அம்மா குசினியிலிருந்து கதைப்பதை விட்டுவிட்டா. உங்கள் முகத்துக்கு நேரே வந்துதான் கதைக்கிறா. பூசையில் மற்றவர்கள் எழும்புவதைப் பார்த்து எழும்புகிறீர்கள்.

இத்தனை வருட வெடி. காது போனது குற்றமில்லை. ஆனால் அந்த இடத்தில் நிற்பவருக்குக் காதுதான் வேலை.

சங்கத்தை நடத்தும் இராசதுரை மாஸ்டரிடம் சொல்லிவிடுங்கள். எனக்குக் கேட்காது என்று ஒரு வார்த்தை. தம்பி உங்களுக்காகத் தன் தலையில் போட்டுக்கொண்டதை அவன் இறக்கி வைக்கட்டும். அவனுக்குப் பதினாறு வயது, அப்பா.

பிலோமினா

---

திருகோணமலை
18.10.1964

அன்பு மகளுக்கு,

கடுமையாக எழுதியிருக்கிறாய். பரவாயில்லை. செவிடன் என்று ஊர் அறிந்தால் துறைமுகக் கந்தோரில் என்னை வேலைக்கு வைத்திருப்பார்களா? அதையும் யோசி.

ஒரு நல்ல செய்தி. சங்கம் திரும்பவும் திறந்துவிட்டது. புதுப் பெடியள் வந்திருக்கிறார்கள். நான்தான் பொறுப்பு. நீ பயப்படாமலிருக்க ஒழுங்கும் செய்தாயிற்று. பெனடிக் எனக்குப் பின்னால் நிற்பான். சத்தம் நலிந்தால் தோளில் தட்டுவான். நான் கத்துவேன். அவனே கேட்டதுதான். "அப்பா, நான் உங்களுக்குக் காதாய் நிக்கிறன்" என்றான். வீட்டுக்குள்ளேயே கிடந்தவன் வெளியே வந்தது அம்மாவுக்கும் ஆறுதல்.

போன சனிக்கிழமை முதல் வெடிக்கே தட்டினான். நிறுத்திப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. அடுத்ததற்கும் தட்டினான். பிறகு ஒவ்வொரு வெடிக்கும். பெடியள் சிரிக்கத் தொடங்கினார்கள். கொஞ்சம் கண்டித்தேன்.

அதற்குப் பிறகு தட்டவில்லை.

அப்பா

---

பேராதனை
23.10.1964

அப்பா,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியைத் தாண்ட என்னால் முடியவில்லை. இரண்டு நாளாக விரிவுரைக்குப் போகவில்லை.

இராசதுரை மாஸ்டருக்கு நானே எழுதிவிட்டேன். உங்கள் காதைப் பற்றி, தம்பி சொன்ன மண்ணைப் பற்றி, எல்லாம். உங்கள் வேலை போகலாம். தெரிந்தேதான் எழுதினேன். அந்தப் பெடியளுக்கும் ஆளுக்கொரு வீடு இருக்கிறது.

தம்பியை என்னிடம் அனுப்பிவிடுங்கள். கண்டியில் கண் வைத்தியரிடம் காட்டுகிறேன்.

பிலோமினா

---

திருகோணமலை
5.11.1964

மகளுக்கு,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்கே வந்தார். எனக்கு எதிரே கதிரையில் இருந்து வாசித்தார். அவருடைய உதடு எனக்கு நன்றாக விளங்கும். "அக்கா எழுதினது உண்மையோ தம்பி?" என்று பெனடிக்கைக் கேட்டார்.

அவன் எனக்குப் பின்னால் நின்றான். என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. மாஸ்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது மெல்ல மெல்லத் தெளிந்தது. எழும்பி வந்து என் கையைப் பிடித்து, "படிக்கிற பிள்ளையள் இப்பிடித்தான், கூட யோசிக்கிறது" என்றார். உன் கடிதத்தை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

நான் திரும்பிப் பார்த்தபோது பெனடிக் அங்கே இல்லை.

கண்டிக்கு வரமாட்டானாம். சனிக்கிழமைகளில் தனக்கு வேலை இருக்கிறதாம். அம்மாவிடம் சொன்னானாம்.

அவன் மாஸ்டரிடம் என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை. நீயும் கேளாதே. இனி இதைப் பற்றி எழுதவும் வேண்டாம்.

நாளைக்கு வெள்ளி. நாளன்றைக்குச் சனி. நாங்கள் இரண்டு பேரும் சங்கத்துக்குப் போகிறோம்.

யேசுரட்ணம்