சரோஜாவை எந்தப் பள்ளியில் சேர்த்தேன், தெரியுமா அக்கா?

ரயிலில் ஜன்னல் ஓரத்தை எப்போதும் எனக்கே விட்டுக்கொடுத்த என் தனம் அக்காவுக்கு,

நீ போன பிறகு உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. தாமதம்தான், கோபித்துக்கொள்ளாதே. பத்திரிகையில் வரட்டும் என்றேதான் எழுதுகிறேன். பெண் குழந்தைக்குப் பள்ளிக்கூடம் தேடி அலைகிற நாலு தாய்மார்கள் நாம் பேசுவதை ஒட்டுக்கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். சேதி இதுதான்: உன் சரோஜா ஹைஸ்கூலில் சேர்ந்துவிட்டாள். எந்தப் பள்ளி என்று நீ உடனே கேட்பாய். பொறு, வருகிறேன்.

போன சித்திரையில் மாமா குத்தம்பாக்கத்திலிருந்து வண்டி கட்டித் தன் மகளைக் கூட்டிவந்து, எங்கள் கரையான்சாவடி வீட்டில் விட்டார். "நான் ஏர் புடிக்கிறவன், லோகு. எந்த இஸ்கோலு நல்ல இஸ்கோலுன்னு எனக்கின்னா தெரியும்? இவளக் காலேஜுல பாக்கணும்னு உங்கக்கா சொல்லிக்கினே இருந்தா. நீ படிச்சவ, நீயே பாத்துக்க" என்றார். வண்டி தெருமுனை திரும்பியதும்தான் யோசித்தேன். என் பாப்பா விஷயத்தில் நான் தப்புச் செய்தால், வளர்ந்த பிறகு அவளே என்னைத் திட்டுவாள். உன் பெண் விஷயத்தில் தப்புச் செய்தால் யார் வந்து என்னைத் திட்டுவது?

பார்த்தவர்களையெல்லாம் கேட்டேன். என் வீட்டுக்காரரையும் கேட்கச் சொன்னேன். இவர் குமாஸ்தாவாக இருக்கும் ஆவடி ராணுவக் கிடங்கில் டிபன் வேளைப் பேச்சே இப்போது அதுதானாம். "எங்க பசங்க இஸ்கோல்ல ஆறாம் பாரப் பரிச்ச எழுதுன அத்தினி பேருக்கும் காலேஜுல எடம் கெட்ச்சிச்சு" என்பாராம் ஒருவர். "அட போ அண்ணாத்தே, எந்தக் காலேஜு? எங்க பசங்க நேரா பீச்சாண்ட கீற காலேஜுக்கே போறானுங்க" என்பாராம் அடுத்தவர். "கிண்டியில குதிர மேல துட்டு கட்றவன் கூட இவ்ளோ பேச மாட்டான் மாமே, சோத்தத் துன்னுங்க" என்று மூன்றாவது ஆள் அதட்டினால்தான் அடங்குவார்களாம்.

சிரித்தேனே தவிர, நானும் அதே கணக்கில்தான் பள்ளிகளை எடை போட்டுக்கொண்டிருந்தேன். எங்கிருந்து அதிகம் பேர் காலேஜுக்குப் போகிறார்கள்? அதிலும் நல்ல காலேஜுக்கு? அப்படிப் பார்த்தால் பட்டணத்தில் நாம் படித்த பள்ளியை அடித்துக்கொள்ள ஆளில்லை. கூடத்தில் தொங்கும் அந்தக் கறுப்புப் பலகை ஞாபகம் இருக்கிறதா? காலேஜுக்குப் போன பெண்களின் பெயர்களைப் பொன்னெழுத்தில் வருஷாவருஷம் எழுதுவார்களே, அது. என் பெயர் அதில் இருக்கிறது. சரோஜாவை அங்கேதான் முதலில் அழைத்துப்போனேன்.

யுத்தம் வந்ததிலிருந்து எங்கள் பக்கத்து பஸ்ஸெல்லாம் கரி எரித்துத்தான் ஓடுகிறது. ஐயப்பன்தாங்கல் தாண்டியதும் மூச்சடைத்து நின்றுவிட்டது. "ஆம்பளைங்கல்லாம் எறங்கித் தள்ளுங்க நைனா!" என்று கண்டக்டர் கத்தினான். திரும்பிப் பார்க்கிறேன், பக்கத்து இடம் காலி. உன் பெண் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பஸ்ஸின் பின்னால் நிற்கிறாள்! கரி படிந்த கையோடுதான் தலைமையாசிரியை அம்மாளுக்கு வணக்கம் சொன்னாள்.

அந்த அம்மாள் வாயாலேயே கணக்குகள் கேட்டார்கள். சரோஜா விரலை மடக்காமல் விடை சொன்னாள். இங்கிலீஷ் வாசிக்கச் சொன்னபோது மட்டும் கல்லில் ஏறி இறங்குகிற வண்டி மாதிரி போனாள். உனக்கும் அப்படித்தானே அக்கா? அந்த அம்மாள் சிரித்துவிட்டு, "போகப் போகச் சரியாகிவிடும். இடம் தருகிறேன்" என்றார்கள். எனக்கு உயிர் வந்தது. பெருமையோடு அவளைக் கூடத்துக்கு அழைத்துப்போய்ப் பலகையில் என் பெயரைக் காட்டினேன். தலைமையாசிரியையும் கூடவே வந்து நின்றார்கள்.

சரோஜா மேலிருந்து கீழே வரைக்கும் வாசித்தாள். மறுபடியும் வாசித்தாள். பிறகு கேட்டாள்: "எங்கம்மாவும் இங்கதான படிச்சாங்க? அவங்க பேரு எங்க கீது?"

"காலேஜுக்குப் போனவர்கள் பெயர் மட்டும்தான் இதில் இருக்கும், குழந்தை."

"அப்ப மத்தவங்கல்லாம் எங்க போனாங்க?"

தலைமையாசிரியை என்னைப் பார்த்தார்கள். நான் பலகையைப் பார்த்தேன்.

நீ எங்கே போனாய் என்று எனக்குத் தெரியும். அம்பத்தூரில் ரயிலேறினால் பட்டணம் சேருவதற்குள், பலகை இருக்கையில் படிந்த கரித்தூளில் விரலாலேயே தேற்றங்களைப் போட்டு முடித்துவிடுவாய். ஆனால் இங்கிலீஷ் வியாசம் உனக்கு வரவில்லை. தேறுவார்களா என்று சந்தேகம் உள்ள பெண்களை ஐந்தாம் பாரத்திலேயே நிறுத்திவிடுவது நம் பள்ளியின் வழக்கம். கடைசி வகுப்பான ஆறாம் பாரத்துக்கு அனுப்பினால்தானே பரீட்சையில் தவறுவார்கள்? அனுப்பாவிட்டால் பள்ளிக்குத் தோல்வியே இல்லை. உன்னையும் நிறுத்தினார்கள். இன்னொரு வருஷம் எதற்கு என்று அப்பா வரன் பார்த்தார். பலகை மட்டும் வருஷாவருஷம் நிறைந்துகொண்டே போயிற்று.

எங்கிருந்து தைரியம் வந்ததோ, வாயைத் திறந்துவிட்டேன். "எங்கள் அக்கா குத்தம்பாக்கத்துக்குப் போனாள், அம்மா. அங்கே புருஷனை ரங்கூனுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்த பெண்களுக்கெல்லாம் கடிதம் படித்துக் காட்டியதும் பதில் எழுதியதும் அவள்தான். அவள் இறந்த அன்று கூடி அழுத பெண்களில் பாதிப் பேரை எங்களுக்கு யாரென்றே தெரியாது" என்றேன். ஒருத்தி உன் காலடியில் உட்கார்ந்து, "எங்க ஊட்டுக்காரு கொரல எனக்குக் கேக்க வச்ச வாயி மூடிக்கிச்சே" என்று அரற்றினாள் அக்கா. அதை மட்டும் அங்கே சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவேன் என்று பயம்.

அந்த அம்மாள் நல்லவர்கள். "சந்தோஷம். ஆனால் எல்லாரையும் எழுதினால் பலகையில் இடம் ஏது?" என்றார்கள்.

சரோஜா கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். "சொவுரு பெருசாத்தான கீது?" என்றாள்.

வரும் வழியில் அவளை அதட்டுவதா, கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. கட்டிக்கொண்டேன்.

வீட்டில் இவர், "பேருள்ள இஸ்கோலு. எடமும் குடுத்துட்டாங்க. அப்புறம் இன்னா ரோசனை?" என்றார்.

"அங்கே சேர்த்தால் அவள் பெயர் பலகையில் வரும். நடுவில் நிறுத்திவிட்டால்?"

"உன் பேருதான் வந்துச்சே. நீ இன்னா கலெக்டராவா ஆயிட்டே? என்னாண்டதானே மாட்டிக்கினே!"

பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் சிரித்தேன். ஆனால் கவலை விடவில்லை. பூந்தமல்லியில் ஓட்டு வீடு ஒன்றில் புதிதாக நடக்கும் பெண்கள் ஹைஸ்கூலையும் பார்த்துவிடலாம் என்று மறுநாள் நடந்தே போனேன். காலேஜுக்கு யார் போவார்கள் அங்கிருந்து என்று ஊரே உதடு பிதுக்கும் பள்ளி அது. தலைமையாசிரியைக்கு என் வயதுதான் இருக்கும். பழக்க தோஷத்தில் முதல் கேள்வி அதையே கேட்டேன்: இங்கிருந்து காலேஜுக்கு எத்தனை பேர்?

"போன வருஷம் ஒருத்தி" என்றார் அவர், கொஞ்சமும் கூசாமல்.

எழுந்துவிடலாம் என்று தோன்றியது. அப்போதுதான் சரோஜா எனக்குக் கற்றுக்கொடுத்த இரண்டாவது கேள்வி ஞாபகம் வந்தது. "மற்றவர்கள் எங்கே போனார்கள்?" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது அக்கா! யாரும் அதைக் கேட்டதே இல்லையாம். மூச்சுவிடாமல் சொல்ல ஆரம்பித்தார். அம்சா ஆஸ்பத்திரியில் நர்சுக்குப் படிக்கிறாள். முனியம்மா வாத்தியார் டிரெயினிங்கில் இருக்கிறாள். அவள் சேரியிலிருந்து வந்து படித்த முதல் பெண். வசந்தா பரீட்சையில் தவறிவிட்டாள், ஐயப்பன்தாங்கலில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள், சனிக்கிழமைதோறும் கைக்குழந்தையோடு இங்கே வந்து படிக்கிறாள், மறுபடி எழுதப்போகிறாள்.

"ஐந்தாம் பாரத்தில் யாரையும் நிறுத்தமாட்டீர்களா?"

"நிறுத்தினால் எங்கள் ரிசல்ட்டும் அழகாகத்தான் இருக்கும்" என்றார். "தோற்றாலும் பரீட்சை எழுதித் தோற்கட்டுமே. எழுதாமலேயே ஏன் தோற்க வேண்டும்?"

உன்னை நிறுத்திய அன்று திரும்பும் ரயிலில் நீ அழவில்லை; கரித்தூளில் எதையும் வரையவும் இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். இந்த ஒரு வாக்கியத்தை அன்றைக்கு உனக்கு யாராவது சொல்லியிருந்தால்? அங்கேயே சரோஜாவைச் சேர்த்துவிட்டேன்.

போன வாரம் அரைப் பரீட்சை முடிவு வந்தது. கணக்கில் முதல் பாரத்திலேயே உன் பெண்தான் முதல். இங்கிலீஷில்? கேட்காதே. உன் பெண்தான் என்று அதிலும் நிரூபித்துவிட்டாள். பட்டணத்துப் பள்ளியை விட்டது சரிதானா என்று இன்றைக்கும் நடுநடுவே சந்தேகம் வருகிறது. அங்கிருந்தால் நல்ல காலேஜுக்கு வழி சுலபம் என்பது பொய்யில்லை. சரோஜாவோ மாலையில் என் பக்கத்தில் உட்கார்ந்து இங்கிலீஷ் பாடத்தை உரக்கப் படிக்கிறாள். இப்போது வண்டி கல்லில் ஏறாமல் கொஞ்ச தூரம் போகிறது.

நேற்று மாமா வேர்க்கடலை மூட்டையோடு வந்தார். பட்டணத்துப் பள்ளியில் நடந்ததைச் சரோஜா நடித்தே காட்டியிருக்கிறாள். எல்லாம் கேட்டுவிட்டு, அவர் என்னிடம் முகத்தை வெகு கண்டிப்பாக வைத்துக்கொண்டு விசாரித்தார்.

"இந்த இஸ்கோல்ல பலகை கீதா, லோகு?"

"இல்லை மாமா."

"சொவுரு?"

"இருக்கிறது மாமா."

"போதும்" என்றார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயில் என்று சொன்னார். மார்கழியில் ஏது வெயில்?

அவள் காலேஜுக்குப் போவாளா என்று எனக்குத் தெரியாது அக்கா. போகப் பாடுபடுவோம். ஆனால் இதற்கு நான் பொறுப்பு: ஆறாம் பாரப் பரீட்சை நடக்கிற அன்றைக்குச் சரோஜாவுக்கு அங்கே ஒரு நாற்காலி இருக்கும். அவள் அதில் உட்கார்ந்து எழுதுவாள். அவளை உள்ளே அனுப்பிவிட்டு, வாசலில் உன் இடத்தில் நான் நிற்பேன்.

உன் பெண்ணுக்குச் சித்தி,
உனக்கு என்றைக்கும் தங்கை,
லோகு